பங்குனி முதல் ஆடி வரை பூக்கும் தோட்டம்: பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் நான் தேர்ந்துகொண்ட பல்லாண்டுச் செடிகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் உள்பகுதியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூவுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. மழையும் வெயிலும் மாறி மாறி வருவதால் எதை நட்டாலும் தழைக்கிறது. மார்ச் கடைசியில் மழை குறைந்து, ஏப்ரலில் பகல் சுருங்கி, ஜூன் பிறக்கும் வேளையில் தாழ்ந்த இடங்களில் உறைபனி விழ ஆரம்பித்த பிறகுதான், தோட்டக்காரரின் தேர்வு எப்படிப்பட்டது என்பது தெரியவருகிறது. அடுத்த நல்ல மழைக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அந்த நெடிய இடைவெளியில் பல வீட்டு முற்றங்களில் காய்ந்த புல்லின் மஞ்சளைத் தவிர வேறு நிறமே இருப்பதில்லை. ஆனால் இந்த நாட்டுத் தேனீ, கடுங்குளிர் நாடுகளின் தேனீயைப் போலக் குளிர்காலம் முழுவதும் கூட்டுக்குள் அடைந்து கிடப்பதில்லை. ஜூலை மாதத்து நண்பகலில்கூட வெயில் ஏறியதும் வெளியே வந்து பூ தேடுகிறது. தேன்சிட்டுகளும் தேடுகின்றன. ஆகவே பின்பருவத் தோட்டம் என்பதை, அழகான நான்கு செடிகளை வாங்கி நடுகிற காரியமாக நான் கருதுவதில்லை. ஒன்று ஓயும்போது மற்றொன்று மலர்ந்திருக்கும்படி, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இடைவெளி விழாமல் செடிகளை முறைவைத்து அமைக்கிற காரியமாகவே கருதுகிறேன். எந்தச் செடியை வாங்குவது என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பதும், உங்கள் தோட்டத்தில் எந்த மாதம் பூ இல்லை என்பதைத்தான்.

திருமணமாகித் திருநெல்வேலியிலிருந்து பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் நார்த்டேல் பகுதிக்கு வந்தவள் நான். என் கணவரின் முன்னோர் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்து, ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறியும் பூவும் பயிரிட்டு விற்றுக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து சேர்ந்ததிலிருந்து, நம் மக்களோடு நம் பஞ்சாங்கமும் இந்த மண்ணுக்கு வந்துவிட்டது. பண்டிகைகள் அதே மாதங்களில் நடக்கின்றன. பருவம்தான் தலைகீழாக இருக்கிறது. ஆடிப் பட்டம் தேடி விதை என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் மண் வறண்டு, விடியற்காலையில் புல்மேல் வெண்பனி படிந்திருக்கும்; விதைக்க எதுவும் இல்லை. அதே சமயம் புனித வெள்ளியன்று நடக்கும் தீமிதியும், சித்திரைக் காவடியும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வருகின்றன. கோயிலுக்கு மாலை கட்ட வீட்டுப் பூ வேண்டும் என்று எங்கள் வீட்டில் இன்றும் எதிர்பார்ப்பார்கள். ஆகவே என் தோட்டம் பின்பருவத்தில் பூக்க வேண்டியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன: சாமிக்கு மாலை, தேனீக்குத் தீனி. இந்த இரண்டுக்கும் ஒரே செடி பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

செடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் மனை சரிவானது. மேலே வீடு, கீழே ஓர் ஓடையை ஒட்டிய செங்கல் சுவர். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் அது சரிவில் மெல்ல இறங்கி, தடுக்கும் சுவர் எதுவோ அதன் பின்னால் தேங்கி நிற்கிறது. ஒரு ஜூன் மாதத்தில் கடும்பனி விழுந்த மறுநாள் காலை, கீழ்ச் சுவரை ஒட்டி நின்ற செடிகளைப் பார்த்தேன். தரையிலிருந்து ஏறக்குறைய இடுப்பளவு உயரம் வரை இலைகள் வெந்தவை போலக் கறுத்துத் தொங்கின. அதற்கு மேல் அதே செடியின் இலைகள் பச்சையாக இருந்தன. கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு, செடிக்குச் செடி ஒரே மட்டத்தில் ஓடியது. வீட்டை ஒட்டிய மேல் பாத்தியிலோ ஓர் இலைகூடக் கருகவில்லை. ஒரே மனைக்குள் இரண்டு தட்பவெப்பம் இருப்பதை அந்தக் கோடு காட்டியது. என் கணவரின் ஆயா, அதாவது பாட்டி, அதைப் பார்த்துவிட்டு, “செடிய வாங்குறதுக்கு முன்னாடி பனி எங்க படுக்குதுன்னு பாரும்மா, அப்புறமா குழி வெட்டு” என்றார். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல அறிவுரை எனக்குத் தெரியாது. ஒரு குளிர்காலம் முழுவதும் காலையில் நடந்து, வெண்பனி எங்கே முதலில் படிகிறது, எங்கே கடைசியில் உருகுகிறது என்று பார்த்து, அங்கெல்லாம் குச்சி ஊன்றி வைத்தால் அந்தத் தோட்டத்தின் பாதித் திட்டம் முடிந்துவிடும்.

திசையையும் இங்கே மறக்கக் கூடாது. தென்கோளத்தில் குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால், வடக்கு பார்த்த சுவர்தான் வெயிலைச் சேமித்து இரவில் திருப்பித் தருகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட தோட்டக்கலை நூல்கள் தெற்கு பார்த்த சுவரைப் பரிந்துரைக்கும். அதை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் செடி குளிர்காலம் முழுவதும் நிழலில் நிற்கும். தேனீயும் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே பறக்கத் தயங்கும் என்பதால், ஜூன், ஜூலையில் பூக்கும் செடிகளை முற்பகல் பத்து மணி முதல் மூன்று மணி வரை வெயில் விழும் இடத்தில் வைத்தால்தான் அந்தப் பூவால் தேனீக்குப் பயன் உண்டு. நிழலில் பூத்த குளிர்காலப் பூ பெரும்பாலும் யாரும் தொடாமலே உதிர்ந்துவிடுகிறது.

நர்சரியில் விற்கும் செடிகளில் ‘குளிர் தாங்கும்’ என்று ஒரு சீட்டு தொங்கும். அந்தச் சீட்டு முழு நாட்டுக்கும் பொதுவாக அச்சிடப்பட்டது. ஜோகன்னஸ்பர்க்கின் குளிர் கடுமையானது, ஆனால் காற்று உலர்ந்தது. எங்கள் ஊரில் குளிர் அதைவிட மிதம், ஆனால் கோடையில் களிமண் வாரக்கணக்கில் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வறட்சி. ஆகஸ்டில் டிராகன்ஸ்பர்க் மலையிலிருந்து இறங்கிவரும் பெர்க் காற்று, குளிர்காலத்தின் நடுவிலேயே முப்பது டிகிரி வெப்பத்தைக் கொண்டுவந்து இளந்தளிரைக் காயவைத்துவிடும். ஆகவே இங்கே வாழத் தகுந்த செடி குளிரை மட்டும் அல்ல, கோடை ஈரம், குளிர்கால வறட்சி, வெப்பக்காற்று ஆகிய எல்லாவற்றையும் தாங்க வேண்டும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பார்த்தால் தேர்வு எளிதாகிவிடுகிறது. குளிர்காலத்தில் மழை பெறும் கேப் டவுன் பகுதிச் செடிகள் தென்னாப்பிரிக்காவின் சொந்தச் செடிகளே ஆனாலும், எங்கள் கோடை ஈரத்தில் அவற்றில் பல வேரழுகிப் போகின்றன. மத்தியதரைக்கடல் பகுதியின் லாவெண்டருக்கும் அதே கதிதான். மாறாக, நாட்டாலின் புல்வெளியிலும் காட்டோரத்திலும் பிறந்த செடிகளும், கோடையில் மழையும் குளிர்காலத்தில் வறட்சியும் உள்ள மெக்சிகோ மலைப்பகுதியிலிருந்து வந்த செடிகளும் இங்கே தாமாகவே நிலைக்கின்றன. செடி எந்த நாட்டது என்பதைவிட, அதன் ஊரில் எந்த மாதம் மழை பெய்யும் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

மார்ச் மாதத்தை எங்கள் தோட்டத்தில் தொடங்கிவைப்பது பிளெக்ட்ரான்தஸ். நம் கற்பூரவல்லிக்கு நெருங்கிய உறவான இந்தச் செடியின் பல இனங்கள் கிழக்குத் தென்னாப்பிரிக்காவின் காடுகளில் இயல்பாக வளர்கின்றன. பிளெக்ட்ரான்தஸ் எக்லோனி ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து, மார்ச் முதல் மே வரை ஊதாக் கதிர்களை நீட்டி நிற்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு வகைகளும் உண்டு. மரநிழலில் வாழ்வதால் அதற்கு இரண்டு நன்மைகள் கிடைக்கின்றன: வேறு எதுவும் பூக்காத இடத்தில் பூக்கிறது, மரத்தின் கூரை உறைபனியையும் தடுத்துவிடுகிறது. இதன் பூவை அருகே வைத்துப் பார்க்க வேண்டும். மேலிதழ் நிமிர்ந்து நிற்க, கீழிதழ் சிறு தோணி போலக் குவிந்து, மகரந்தத் தாள்களைத் தனக்குள் வைத்து மூடியிருக்கும். தேனீ அந்தத் தோணியில் வந்து அமர்ந்ததும் அதன் எடையால் கீழிதழ் தாழ்கிறது. உள்ளே இருந்த மகரந்தத் தாள்கள் வெளிப்பட்டுத் தேனீயின் வயிற்றில் மகரந்தத்தைப் பூசுகின்றன. தேனீ எழுந்ததும் பூ மறுபடி அசைந்து நிலைக்கு வருகிறது. பூவின் குழல் நீண்ட இனங்களுக்குத் தேனீ எட்டாது. அவற்றுக்கென்றே, உடலைவிட நீண்ட உறிஞ்சுகுழலோடு அந்தரத்தில் நின்று தேன் உண்ணும் ஈக்கள் இருக்கின்றன. மரநிழலில் மெல்லிய ரீங்காரம் கேட்டு நின்று பார்த்தால் அவற்றைக் காணலாம். ஈ என்றாலே விரட்ட வேண்டியது என்று நினைக்கிறவர்கள் இந்த ஈயைப் பார்த்தால் மனம் மாறுவார்கள் என்று நம்புகிறேன். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் ‘மோனா லாவெண்டர்’ என்பது கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் இரண்டு பிளெக்ட்ரான்தஸ் இனங்களைக் கலந்து உருவாக்கிய வகை. அந்தப் பெற்றோரில் ஒன்று, பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் பணியாற்றிய தாவரவியலாளர் ஆலிவ் ஹில்லியார்டின் பெயரைத் தாங்கிய பிளெக்ட்ரான்தஸ் ஹில்லியார்டியே. தொட்டிக்கு அது மிகவும் ஏற்றது. நிலத்துக்கு நான் எக்லோனியையே விரும்புகிறேன்.

பிளெக்ட்ரான்தஸ் பூத்திருக்கும்போதே, சற்று வெயில் படும் இடத்தில் பார்லேரியா ஒப்டுசா மலரத் தொடங்குகிறது. நம் ஊர்ப் பெண்கள் மார்கழியில் தலையில் வைத்துக்கொள்ளும் டிசம்பர் பூவின் உடன்பிறப்பு இது. இந்தச் செடி பாறைமேலும் வேலிமேலும் சாய்ந்து படர்ந்து, மார்ச் முதல் ஜூன் வரை ஊதாநீலத்தில் பூக்கும். கூரைநீர் வழிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் ஓர் இடம் உங்களிடம் இருந்தால் அங்கே ஹெஸ்பெரான்தா காக்சினியாவை நடலாம். டிராகன்ஸ்பர்க் ஓடைக்கரைகளில் வளரும் இந்தச் சிவப்புப் பூவை, அம்மலைகளில் பறக்கும் பெரிய பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று தேடி வருகிறது. நெரைன் பவ்டெனியின் இளஞ்சிவப்புக் கொத்துகளும் இதே காலத்தவை. அதன் கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, பிறகு பல ஆண்டுகள் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும்.

செவ்வந்தியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டுப் பின்பருவத் தோட்டம் அதிலிருந்துதான் தொடங்கியது. பகல் சுருங்கி இரவு நீளும்போது மொட்டு வைக்கும் செடி அது. அதனால்தான் தமிழ்நாட்டில் ஆண்டின் கடைசியில் பூக்கும் செவ்வந்தி, இங்கே ஏப்ரல், மே மாதங்களில் பூத்துச் சித்திரைக் காவடிக்குக் கைகொடுக்கிறது. ஆயா பழைய தகர டிரம்களை அறுத்து அதில் வளர்த்துவந்தார். அக்டோபரில் தூரைப் பிரித்து நட்டு, செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளி, பக்கக்கிளைகள் நீண்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளி, டிசம்பர் முடிவோடு கிள்ளுவதை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு கிள்ளினால் மொட்டு போய்விடும். தெருவிளக்கின் வெளிச்சம் இரவெல்லாம் விழும் இடத்தில் செவ்வந்தியை வைத்தால், செடி இரவு நீண்டதை உணராமல் மொட்டு வைக்கத் தாமதிக்கும். இலை செழித்தும் பூக்காத செவ்வந்தியைக் கண்டால் முதலில் விளக்கைத்தான் பார்க்க வேண்டும். மாலைக்கு ஏற்றது இதழ் அடர்ந்த அடுக்குச் செவ்வந்தி. ஆனால் அந்த அடுக்கில் நடுவிலுள்ள சிறு பூக்கள் பெரும்பாலும் இதழ்களாக மாறிவிடுவதால் தேனீக்கு அங்கே கிடைப்பது மிகக் குறைவு. நடுவில் மஞ்சள் வட்டம் திறந்து தெரியும் ஒற்றை வகையில்தான் தேனீ மொய்க்கிறது. ஆகவே சாமிக்கு அடுக்குச் செவ்வந்தியும் தேனீக்கு ஒற்றைச் செவ்வந்தியும் எங்கள் வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வேறு எந்தப் பூவுக்கும் இந்த விதி பொருந்தும்: பூவின் நடு தெரிந்தால் பூச்சிக்கு உணவு உண்டு.

ஏப்ரல் பாதி முதல் தோட்டத்தின் நடு இடம் லியோனோட்டிஸ் லியோனூரஸுக்கு உரியது. ஆங்கிலத்தில் சிங்கக்காது என்றும், ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வில்டடாகா என்றும் அழைக்கப்படும் இந்தச் செடி, நம் தும்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. தும்பைக்குரிய நாற்கோணத் தண்டு இதற்கும் உண்டு. உயரம் மட்டும் ஆளை மறைக்கும். தண்டில் கணுவுக்குக் கணு முள்முள்ளான பச்சை உருண்டை ஒன்று சுற்றியிருக்கும். அந்த உருண்டையிலிருந்து வெல்வெட்டுத் துணி போன்ற ஆரஞ்சுக் குழல்கள் வட்டமாக வெளியே வருகின்றன. ஒரு வட்டம் உதிரும்போதே மேல்கணுவில் அடுத்த வட்டம் திறப்பதால், ஒரே தண்டு பல வாரங்கள் பூத்துக்கொண்டே இருக்கும். கறுப்பு உடலும் ஊதாத் தொண்டையும் கொண்ட ஆண் தேன்சிட்டு தண்டைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு குழலிலும் அலகை விட்டு வட்டத்தைச் சுற்றி வருகிறது. குழலின் மேலிதழ் முன்னோக்கி வளைந்து மகரந்தத் தாள்களை மூடியிருப்பதால், ஒவ்வொரு முறை குனியும்போதும் பறவையின் நெற்றியில் மகரந்தம் ஒட்டுகிறது. காலை வெயிலில் கவனித்துப் பார்த்தால், அந்த நெற்றியில் மஞ்சள் பொடி அப்பியிருப்பது தெரியும். சனிக்கிழமைச் சந்தையில் மூலிகை விற்கும் சூலு இனத்து மூதாட்டி ஒருவர், சிறுவயதில் தாங்களும் இந்தப் பூவைப் பறித்து அடியை உறிஞ்சித் தேன் குடித்ததைச் சொன்னார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது அதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

லியோனோட்டிஸுக்கு நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். எரு அதிகமானால் தண்டு நீண்டு சாய்ந்துவிடும். நவம்பர் கடைசியில் தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் நின்று, சற்றுப் பிந்திப் பூக்கும். இரண்டு தூர்கள் இருந்தால் ஒன்றை வெட்டி மற்றொன்றை அப்படியே விடுவது என் வழக்கம். வெட்டாதது முந்தியும் வெட்டியது பிந்தியும் பூப்பதால், தேன்சிட்டுக்கு உணவுக் காலம் நீள்கிறது. கடும்பனியில் மேல்தண்டு கருகினாலும் செப்டம்பரில் அடியிலிருந்து தளிர்க்கும்.

இதற்குத் துணையாக மெக்சிகோவின் சால்வியா லூகாந்தாவை நட்டிருக்கிறேன். ஊதாப் பட்டுப் போன்ற அதன் புல்லிவட்டம், உள்ளிருக்கும் வெள்ளைப் பூ உதிர்ந்த பின்னும் நெடுநாள் நிற்பதால், தேன் தீர்ந்த பிறகும் நிறம் தீராது. கருவண்டுகள் இதில் எப்போதும் மொய்க்கும். சில நேரம் குழலின் அடியைக் கீறி நேராகத் தேனை எடுத்துக்கொள்ளும். அப்போது மகரந்தச் சேர்க்கை நடப்பதில்லை, ஆனால் வண்டுக்கு வயிறு நிறைகிறது. அதுவும் எனக்கு உடன்பாடே.

மே கடைசியில் லியோனோட்டிஸ் தளரும்போது, பெரும்பாலோர் அறியாத ஒரு செடி அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது: ஹைப்போயெஸ்டஸ் அரிஸ்டாட்டா. மற்ற மாதங்களில் யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணப் பச்சைப் புதர் அது. கனகாம்பரத்தின் குடும்பம். மே முதல் ஜூலை வரை, நாடாவைச் சுருட்டி விட்டது போன்ற இளஊதாப் பூக்களால் புதரே மறைந்துவிடும். குளிர்காலத்தின் நடு வாரங்களில், மதிய வெயிலில் எங்கள் தோட்டத்திலேயே மிகுதியாகத் தேனீ நிற்பது இதில்தான். உறைபனி நேராகப் படாத இடம் இதற்கு வேண்டும். வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி நட்டிருக்கிறேன். ஒரே ஒரு பின்பருவச் செடிக்கு மட்டும் இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் கொடுப்பேன்.

அதோடு கற்றாழை. ஆலோ ஆர்போரெசன்ஸ் மே முதல் ஜூலை வரை செந்தீப்பந்தங்களை ஏந்தி நிற்பதை நாட்டாலில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். கிராமங்களில் கால்நடைப் பட்டிக்கு இதை வேலியாகவே நடுவார்கள். தேனும் மகரந்தமும் இரண்டும் மிகுந்த பூ அது. நாட்டின் வடபகுதியில், பிரிட்டோரியாவுக்கு அப்பால், தேனீ வளர்ப்போர் குளிர்காலத்தில் தங்கள் பெட்டிகளை வேறொரு வகைக் கற்றாழை பூக்கும் வெளிகளுக்குக் கொண்டுபோய் வைத்துக் கூட்டங்களைப் பெருக்குகிறார்கள். குளிர்காலத்தில் இந்த நாட்டுத் தேனீக்குக் கற்றாழை எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கற்றாழையை மேட்டில், சரளை மண்ணில் நட வேண்டும். பனி தேங்கும் பள்ளத்தில் நட்டால் இலை பிழைத்தாலும் பூந்தண்டு கருகிவிடும்.

இந்தப் பெரிய செடிகளுக்கு இடையே விளிம்புகளை நிரப்ப புல்பைன் ஃப்ருட்டெசன்ஸும், பூண்டு வாசமுள்ள துல்பாகியா வயலேசியாவும் போதுமானவை. இரண்டும் பனி, வறட்சி, களிமண் எதற்கும் அஞ்சாதவை; எப்போதும் ஒன்றிரண்டு பூவாவது இருக்கும்.

நிறத்துக்காகக் கண்ணைக் கவரும் சில செடிகளை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் ஆள் உயர மஞ்சள் பூக்களாக நிற்கும் டித்தோனியாவைப் பார்த்துவிட்டு, இவ்வளவு எளிதாக வளர்கிறதே, வண்ணத்துப்பூச்சியும் வருகிறதே, குச்சி ஒடித்து நடலாமா என்று கேட்கிறார்கள். இந்த நாட்டின் அயல் ஆக்கிரமிப்பு இனங்களுக்கான விதிகளின்படி அது வளர்க்கவும் பரப்பவும் தடை செய்யப்பட்ட செடி; நிலத்தில் இருந்தால் அகற்றிக் கட்டுப்படுத்த வேண்டும். நம் ஊரிலும் காடுகளை மூடிவிட்ட உண்ணிச்செடிக்கும், வெளிநாட்டுத் தோட்ட நூல்கள் பூச்சிகளுக்காகப் புகழும் உயரமான வெர்பினா பொனாரியென்சிஸுக்கும் இங்கே அதே நிலைதான். ஒரு செடி பூச்சிக்கு உணவு தருகிறது என்பது மட்டும் அதை நடுவதற்குப் போதுமான காரணம் ஆகாது. அது பக்கத்துப் புல்வெளியை அழித்தால், அந்தப் புல்வெளியில் பூத்த நூறு செடிகளின் உணவு போய்விடுகிறது. வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்பவர்கள், எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த கோம்போகார்ப்பஸை நடலாம். நம் ஊரில் எருக்கிலையில் முட்டையிடும் அதே செம்பழுப்பு வண்ணத்துப்பூச்சி இனம் இங்கே இந்தச் செடியில் முட்டையிடுகிறது. அதன் வரிப்புழுக்கள் இலையைத் தின்று மொட்டையாக்கும். அதற்காகத்தான் அந்தச் செடியை நடுகிறோம் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நடும்போது ஒவ்வொன்றிலும் ஒரு செடி என்று சிதறி நடாமல், ஒரே இனத்தை ஓர் எட்டு அகலத்துக்குக் கூட்டமாக நட வேண்டும். தேனீ ஒரு முறை கிளம்பினால் ஒரே வகைப் பூவையே நாடிச் செல்லும் பழக்கம் உடையது. ஓர் இடத்தில் நிறையப் பூ இருந்தால்தான் அதற்குப் பறக்கும் செலவு கட்டும். பூச்சிக்கொல்லியை இந்தப் பாத்திகளில் நான் அனுமதிப்பதில்லை. தேன்சிட்டு பூந்தேனைக் குடித்தாலும் குஞ்சுகளுக்குச் சிலந்தியையும் சிறு பூச்சிகளையுமே ஊட்டுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அசுவினி மிகுந்தால் குழாய்நீரைப் பீய்ச்சி உதிர்க்கிறேன். அதுவே போதுமாக இருக்கிறது.

மார்ச்சில் நட்டால் வேர் பிடிக்க மண்ணில் வெப்பம் இருக்கும், ஆனால் மழை விரைவில் நின்றுவிடும். செப்டம்பர், அக்டோபரில் நட்டால் கோடை மழை முழுவதும் துணைநிற்கும். பனி தாங்குவதில் ஐயமுள்ள செடிகளை வசந்தத்தில் மட்டுமே நட வேண்டும். முதல் குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை, காலையில், வேர் வரை நனையும்படி நீர் விடுவேன்; இரண்டாம் ஆண்டு முதல் அதுவும் தேவைப்படுவதில்லை. தூரைச் சுற்றிக் கரும்புத் தோகையால் மூடாக்குப் போடுகிறோம், அது இங்கே எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் தோட்டத்தின் ஒரு மூலையை மூடாமல் வெறும் மண்ணாகவே விட்டிருக்கிறேன், ஏனென்றால் தனித்து வாழும் தேனீக்கள் பல மண்ணைத் துளைத்துத்தான் கூடு அமைக்கின்றன.

பூத்து முடிந்த தண்டுகளை ஜூனிலேயே வெட்டிச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அப்படிச் செய்யக் கூடாது. காய்ந்த மேல்தண்டு கீழ்த்தூரைப் பனியிலிருந்து காக்கிறது. வெட்டினால் செடி இளந்தளிர் விட்டு, அந்தத் தளிர் அடுத்த பனியில் கருகும். கடைசிப் பனி போன பிறகு, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதலிலோ, லியோனோட்டிஸையும் சால்வியாவையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டலாம். பிளெக்ட்ரான்தஸை அதில் பாதியாக. காய்ந்த கற்றாழைத் தண்டுகளை மட்டும் அப்படியே நிறுத்தி வைக்கிறேன். கருவண்டு அதைக் குடைந்து உள்ளே கூடு கட்டுகிறது. தண்டில் சுண்டுவிரல் நுழையும் அளவு வட்டமான துளையும், அதன் கீழே தரையில் மரத்தூளும் கண்டால் உள்ளே குடியிருப்பு இருக்கிறது என்று பொருள்.

வெட்டிய தண்டுகளை எறிய வேண்டியதில்லை. பிளெக்ட்ரான்தஸ், ஹைப்போயெஸ்டஸ், சால்வியா மூன்றும் ஒரு சாண் குச்சியிலிருந்தே வேர் விடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் மட்கும் கலந்த தொட்டியில் ஊன்றி நிழலில் வைத்தால் நவம்பரில் நடுவதற்குத் தயாராகிவிடும். டர்பனில் இருக்கும் உறவினர்களுக்கு நான் கொடுத்தனுப்புவது பிளெக்ட்ரான்தஸ், பார்லேரியா, ஹைப்போயெஸ்டஸ் ஆகியவற்றின் குச்சிகளை. கடற்கரையில் பனியே இல்லாததால் அவை அங்கே இங்கிருப்பதைவிடச் செழிக்கின்றன, ஆனால் குளிரை விரும்பும் நெரைனை அங்கே அனுப்புவதில்லை. மேட்டு நிலமான ஹோவிக் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்கு நேர்மாறு: நெரைன், ஹெஸ்பெரான்தா, லியோனோட்டிஸ், ஒற்றைச் செவ்வந்தி ஆகியவற்றை நம்பி நடலாம், தீப்பந்தம் போலப் பூக்கும் நிஃபோஃபியாவிலும் பல இனங்கள் அங்கே நன்றாக வரும், வாங்கும்போது அது பூக்கும் மாதத்தை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த இனங்களில் சில கோடையிலும் சில குளிரிலும் பூக்கின்றன. ஹைப்போயெஸ்டஸ் அங்கே மொட்டு விடும் வேளையில் கடும்பனியில் சிக்கிக்கொள்வதால், வடக்கு பார்த்த தாழ்வாரத்தில் பெரிய தொட்டியில் வைத்தால் மட்டுமே பூவைக் காண முடியும்.